மூன்றாவது ஓலை

15.6.1997

எட்டாம் அத்தியாயத்தையும் கிழித்துப் போட்டேன். மற்ற ஏழையும் விட்டுவைத்திருப்பது நம்பிக்கையால் அல்ல, சோம்பலால்.

வாசித்தால் பரீட்சைக்கு விடை எழுதியது போல இருக்கிறது. ஒருத்தி அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று முதலில் காரணங்கள், பிறகு விளைவுகள். இத்தனை வருஷம் சரித்திரம் நடத்திய கை. நாற்பத்தேழு வயதில் கல்யாணமாகாத டீச்சர் ஒருத்தி நாவல் எழுதுகிறாள் என்று தெரிந்தால் ஸ்டாஃப் ரூமில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

22.6.1997

எழுதத் தெரியாது என்றால் தெரிந்தவர்களைப் பிரித்துப் பார்க்கவேண்டியதுதான். மிக்ஸி ரிப்பேர் கற்றுக்கொள்கிறவன் அப்படித்தானே செய்கிறான்.

முறை இது: நூலகத்திலிருந்து ஒரு நல்ல நாவலை எடுத்துப் பாதிவரை வாசிப்பது. மூடிவிட்டு அடுத்த அத்தியாயத்தை நானே எழுதுவது. பிறகு திறந்து, அச்சில் இருப்பதோடு ஒப்பிடுவது.

முதல் பலி, ஆற்றங்கரைக் கிராமத்தைப் பற்றிய ஒரு தடித்த நாவல். என் அத்தியாயத்தில் அண்ணனும் தம்பியும் கத்தி, கட்டிப் புரண்டு, பாகம் பிரித்துக்கொண்டார்கள். அச்சில் இருக்கும் அத்தியாயத்தில் இருவரும் மாட்டுக்கு லாடம் அடிக்கப் போகிறார்கள். வழியெல்லாம் பேசிக்கொள்ளவே இல்லை. இனி அவர்கள் ஒரே வீட்டில் இருக்கமுடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது? மூன்று முறை வாசித்தும் பிடிபடவில்லை. எரிச்சல்.

9.8.1997

நூலகர் கிதர் முகம்மது இன்று வாய் திறந்தார். "டீச்சரம்மா, இந்தப் புஸ்தகத்த மறுக்கா மறுக்கா எடுக்குறீங்களே, மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கப் போறீங்களா?"

"வேற யாரும் கேட்டாங்களா?"

"கேட்டா நல்லாருக்குமேன்னுதான் பாக்குறேன். தூசி தட்டுற வேல எனக்கு மிச்சம், எடுத்துட்டுப் போங்க."

12.10.1997

இதுவரை பிரித்துப் பார்த்த நாவல்களில் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் சமைக்கிறார்கள், மருமகளைத் திட்டுகிறார்கள், செத்துப்போகிறார்கள். கல்யாணம் ஆகாதவள் ஒரே ஒருத்தி வந்தாள். வந்த மறுபக்கத்தில் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது.

கற்றுக்கொண்டவை உண்டு. விளக்கக்கூடாது. கதவு திறப்பதற்கு முன்பே அத்தியாயத்தை நிறுத்தவேண்டும். காரியத்துக்கு உதவாத ஒரு துல்லியமான விவரம் வேண்டும், அதை நம்பித்தான் வாசிக்கிறவன் மற்ற பொய்களையும் நம்புகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, கதையில் வருகிற ஆள் வெளியே சொல்லாத ஒன்றை வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

என் ஆட்கள் எதையும் வேண்டவில்லை. நான் சொன்னால் அழுகிறார்கள்.

2.11.1997

கல்லறைத் திருநாள். வடமதுரையிலிருந்து அக்கா வந்திருந்தாள். தம்பி பிரான்சிஸ் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்தான். அப்பா கல்லறையில் மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றியதும் வழக்கம்போல ஆரம்பித்தான். "நல்லா இருந்த மனுசன். அந்தக் கன்னிவாடிக்காரப் பயலுகதான் கொன்னாய்ங்க. வெளங்குவாய்ங்களா?"

வருஷா வருஷம் இதே ஜெபம். அக்கா குனிந்து மெழுகுவர்த்தியை நேராக்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் தோன்றியது: நாவலுக்கு இது ஏன் ஆகாது? கிறிஸ்தவர் அல்லாதவருக்கும் புரியவேண்டும், எழுதிப் பார்க்கிறேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கவும் என்று. 1966இல் அக்கா வியாகுலத்துக்கும் கன்னிவாடி வாத்தியார் ஒருவருக்கும் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு மற்ற ஜோடிகளின் பெயர்களை வாசித்துவிட்டுச் சாமியார் தாளை மடித்தார். எங்கள் பெயர் இல்லை. கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா எழுந்தார். கோயிலுக்குள்ளேயே குடையை விரித்தார். விரித்த குடையின் கீழே பிரான்சிஸின் கையைப் பிடித்துக்கொண்டு நடு வழியாக நடந்து வெளியே போனார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அதன் பிறகு சாகும்வரை அவர் கோயிலுக்குள் வரவில்லை. அந்த அவமானம்தான் அவரைக் கொன்றது என்பது பிரான்சிஸின் கட்சி.

மாப்பிள்ளை வீட்டார்தான் தடை சொல்லியிருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டோம். சாமியார் யார் பெயரையும் சொல்லவில்லை.

எழுதியதை வாசித்தேன். குடை நன்றாக இருக்கிறது. அக்காதான் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள், என் மற்ற பெண்களைப் போலவே.

18.1.1998

வடமதுரை. அக்கா வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் மாமா கடைக்குப் போயிருந்தார். அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், நானும் உட்கார்ந்தேன். நாவலுக்காகத்தான் கேட்டேன். அன்றைக்கு ஓலை வாசிக்காமல் விட்டபோது உனக்கு எப்படி இருந்தது?

"பசிச்சுச்சு" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நெசமாத்தேன். மொத நாளு பூராம் பச்சத் தண்ணி எறங்கல. பேரு வரலன்னதும் அப்பிடி ஒரு பசி."

"வராதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாந்தானடி நிறுத்துனேன்."

சனிக்கிழமை சாயங்காலம் பீடத்துக்குப் பூக் கொடுக்கிற சாக்கில் சாமியார் பங்களாவுக்குப் போயிருக்கிறாள். எனக்குச் சம்மதமில்ல சாமி என்று ஒரே பேச்சு. அவர் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, சரி, யாரிடமும் உன் பெயரைச் சொல்லமாட்டேன் என்றாராம். கடைசிவரை சொல்லவில்லை.

"ஏங்க்கா?"

"நிச்சயத்தன்னைக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டேன். அவன் அவுக அம்மா மூஞ்சியப் பாத்தான். அந்தம்மா தலைய ஆட்டுச்சு. பெறகுதான் வேணுமின்னான். தாகத்துக்கே ஆத்தாளக் கேக்குறவன வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ண?"

"அப்பாட்ட சொல்லிருக்கலாம்ல."

"சொல்லாமயா? பொட்டக் கழுதைக்கு என்ன பேச்சுன்னாரு. அம்புட்டுத்தேன்."

மாமாவிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாளாம். "நல்லவேள, ஆண்டவரு எனக்குன்னு மிச்சம் வச்சாருன்னாரு" என்று லேசாகச் சிரித்தாள். பிறகு தொலியை முறத்தில் ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள். "ஒனக்கு வந்த வரனெல்லாம் அதக் கேட்டுத்தானே திரும்பிப் போச்சு. எனக்குத் தெரியும் ஜோசு. தாலி கட்டிக்கிட்டு இங்க வந்து ஒக்காந்த பெறவும் அதான் நெஞ்சுல கெடந்துச்சு. ஒன்கிட்டயாச்சும் சொல்லணுமின்னு. பிரான்சிசுக்குத் தெரிஞ்சா என்னய உயிரோட விடமாட்டான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்போது நான் என்ன நினைத்தேன்? இது யாரும் பார்க்காத டைரி, உண்மையை எழுதலாம். அத்தியாயம் இங்கே முடியவேண்டும் என்று நினைத்தேன்.

20.1.1998

வகுப்பில் உட்கார்ந்தே இருந்தேன். பாடம் நடத்தவில்லை.

என்னப் பொண்ணு பாக்க மூணு எடத்துலயிருந்து வந்தாங்க. நெலக்கோட்டைக்காரங்க காப்பியக்கூட முழுசாக் குடிக்கல. பெரியவளுக்கு ஓலை நின்னுபோன வீடுன்னு காதுல விழுந்ததும் டம்ளர அப்படியே வச்சுட்டு எந்திரிச்சாங்க. நான் உள்ரூமில் பவுடர் போட்டுக்கொண்டு நின்றேன். நான் என்ன செய்தேன்? நான் யாரையும் வேண்டாமென்று சொல்லவில்லையே — என்னைக் கேட்கவே இல்லையே.

அவள் செய்தது சரிதான். நூறு தரம் சரி. என்னிடம் ஒரு மாணவி இதைச் சொல்லியிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன்.

ஆனால் விலை கொடுத்தது நான்.

3.2.1998

எழுதுகிறேன். ஒருநாள்கூடக் கிழிக்கவில்லை.

26.7.1998

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். திண்டுக்கல் தூத்துக்குடி ஆனது. கடைக்காரர் அப்பா லாரி முதலாளி. வாத்தியார் மாப்பிள்ளை துறைமுகத்தில் குமாஸ்தா. தங்கையே கிடையாது, ஒரே மகள். தண்ணீர் கேட்ட கதையை மோர் ஆக்கினேன்.

குடையையும் எடுத்துப் பார்த்தேன். அப்பா வெறுமனே எழுந்து வெளியே போகிறார். பக்கம் செத்துவிட்டது. கைத்தடி கொடுத்தேன், தொப்பி கொடுத்தேன், நாடகக்காரர் போல இருந்தார். குடையைத் திரும்ப வைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆயிற்று, யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

15.2.1999

மதுரையிலிருந்து பதிப்பாளர் ஜெகபர் அலி பள்ளிக்கே போன் செய்தார். தலைமையாசிரியை அறையில் நின்று பேசவேண்டியதாயிற்று.

"மேடம், மொத அம்பது பக்கம் கொட்டாவிதான். மறைக்காம சொல்றேன். அந்தப் பொண்ணு பூவத் தூக்கிட்டுச் சாமியார் பங்களாவுக்குப் போகுது பாருங்க, அங்க நிமிந்து ஒக்காந்தவந்தான். காப்பி ஆறிப் போச்சு. போடுறேன்."

"என்ன டீச்சர், நல்ல சேதியா?" என்று தலைமையாசிரியை கேட்டார். இன்சூரன்ஸ் என்றேன்.

ரவுண்டு ரோடு வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். சந்தோஷம்தான். பழக்கமில்லாததால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

28.3.1999

கைப்பிரதியை அக்காவிடம் கொடுத்திருந்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஒளித்துச் செய்வது அசிங்கம் என்று அப்போது தோன்றியது.

இன்று குருத்தோலை ஞாயிறு, பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நல்லா எழுதிருக்க. எனக்கே அடுத்து என்னாகுமோன்னு இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணு தானே போயி நிறுத்துறத மட்டும் எடுத்துரு ஜோசு. மாப்பிள வீட்டுக்காரங்க நிறுத்துனதாவே இருக்கட்டும். மத்தத என்ன வேணா எழுதிக்க."

"ஊரு பேரு எல்லாம் மாத்தியாச்சேக்கா. யாருக்குத் தெரியும்?"

"பிரான்சிசுக்குத் தெரியும். அவன் அப்பா பிள்ள. எனக்குன்னு பெறந்த வீடு அவன் வீடுதான்டி. வேற வாசல் இல்ல."

"சரி" என்றேன்.

4.4.1999

உயிர்ப்பு ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை. அவள் கேட்டபடி எழுதிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாய் தடை சொல்கிறாள், பெண் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாள். நான் பிரித்துப் பார்த்த நாவல்களில் இந்தப் பெண் எத்தனையோ முறை வந்துவிட்டாள்.

போனில் ஜெகபர் அலி: "அத எடுத்தா மிச்சம் என்ன இருக்கு மேடம்? அட்டதான் இருக்கு. நல்ல அட்ட."

11.4.1999

எடுக்கவில்லை. பழையபடியே அனுப்பிவிட்டேன்.

இலக்கியத்துக்காக என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். பழி வாங்குகிறேனா? அப்படியும் இல்லை. இல்லையா? நெலக்கோட்டைக்காரர்கள் வைத்துவிட்டுப்போன டம்ளர் இந்த வாரம் முழுக்கக் கண்ணில் நிற்கிறது. இரண்டும் இருக்கும். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: ஐம்பது வயதுக்குள் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று யாராவது சொல்லவேண்டும். அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் சொல்லவில்லை.

22.8.1999

வாசகர் வட்டத்தில் கூட்டம். ரிடையரான வங்கி மேனேஜர் சோலைமுத்து பேசினார். பெண் எழுத்தாளர் என்பதை ஐந்து நிமிஷம் பாராட்டிவிட்டு, நாவலுக்கு வந்தார். "அப்பா குடைய விரிச்சாரு பாருங்க கோயிலுக்குள்ள, அங்கதாங்க ஒரு படைப்பாளி தெரியுறாங்க! இதெல்லாம் கற்பனையில மட்டும்தாங்க வரும்!"

கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். பின்வரிசையில் பிரான்சிஸ் கைதட்டிக்கொண்டிருந்தான். இன்னும் வாசிக்கவில்லை. பத்துப் பிரதி வாங்கிக் கடையில் வைத்திருக்கிறானாம், சிமெண்ட் வாங்க வருகிறவர்களிடம் காட்ட.

5.9.1999

பிரான்சிஸ் வந்தான். செருப்போடு உள்ளே வந்துவிட்டான். எப்போதும் அப்படி வரமாட்டான்.

"எல்லாத்தயும் மாத்திட்ட சின்னக்கா. அப்பா குடைய மாத்தலயே."

நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அந்தக் குடைக்குள்ள நாந்தான் நடந்து வந்தேன். பத்து வயசு எனக்கு. அப்பா கை நடுங்குச்சு, குடக் கம்பி நடுங்குச்சு. அதக்கூட எழுதிருக்க. நீ பெஞ்சிலதானே ஒக்காந்திருந்த, எப்பிடித் தெரியும்?"

தெரியாது. நடுக்கம் நானாக எழுதியது. அதைச் சொன்னால் என்ன ஆகிவிடும்?

"அப்ப அந்தப் பூக் கொண்டுபோனதும் நெசந்தான?"

இல்லை, கற்பனை என்று சொல்லியிருக்கலாம். நாவல் எழுதுகிறவளுக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். அவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

"நீ என்ன பண்ணுவ, எழுதுறவ. நடந்தத எழுதின. அவதான் அப்பாவக் கொன்னவ."

என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவே இல்லை. போகும்போது, மறந்துபோய் அப்படியே கழற்றாமல் வந்துவிட்டேன் என்று செருப்புக்கு மன்னிப்புக் கேட்டான். நேராக வடமதுரைக்குப் பைக்கில் போயிருக்கிறான்.

7.9.1999

அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாதான் கதவைத் திறந்தார். பிரான்சிஸ் தெருவில் நின்றே கத்திவிட்டுப் போனானாம். செத்தாலும் வராதே, நானும் வரமாட்டேன் என்று.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"சரின்னியேடி."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன்?

2.11.1999

கல்லறையில் பிரான்சிஸ் இந்த வருஷம் கன்னிவாடிக்காரர்களைத் திட்டவில்லை. நாங்கள் போனபோது அப்பா தலைமாட்டில் யாரோ ஏற்றிய மெழுகு பாதிக்குமேல் உருகியிருந்தது. அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். பிரான்சிஸ் அதைப் பிடுங்கி எறிந்தான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

6.2.2000

பிரான்சிஸ் மகள் நான்சிக்குக் கல்யாணம். அக்காவுக்குப் பத்திரிகை இல்லை. அந்தப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு வளர்த்தது அவள்தான்.

என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சம்பந்தி வீட்டாரிடம் பிரான்சிஸ் "இவுக சின்னக்கா, பெரிய எழுத்தாளரு" என்று அறிமுகப்படுத்தினான். சம்பந்தியம்மாள், "அப்ப எங்களயும் எழுதிருவீங்க, பாத்துத்தான் பேசணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது.

19.3.2000

இரண்டாம் பதிப்பு. ஜெகபர் அலி அடுத்த நாவல் கேட்கிறார்.

9.4.2000

நூலகத்தில் புது நாவல் ஒன்று எடுத்தேன். பாதியில் மூடிவிட்டு உட்கார்ந்தேன். அதை எழுதியவர் தன் வீட்டில் அடுத்து யாரை எழுதுவார் என்று மட்டும்தான் யோசிக்க முடிந்தது.

14.5.2000

வடமதுரை. லீவுதானே, ஒரு நடை போய்விட்டு வரலாம் என்று போனேன். ஒன்றும் எதிர்பார்த்துப் போகவில்லை — என்று எழுதினால் அது பொய்.

அக்கா நன்றாகத்தான் பேசினாள். வெயில், மாமாவின் சர்க்கரை, தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவது. நான் பழையதை இழுத்தபோதெல்லாம், "அதுக்கென்ன, எல்லாம் ஆச்சு" என்றாள். காப்பி கொடுத்தாள். கோபமே இல்லை. இருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு மணிமேகலை கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கேட்டதை மறந்து அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "அக்கா, சேதி கேட்டீங்களா? எங்க நாத்தனா நேத்துப் பழனிக்குப் போறேன்னு கெளம்பி எங்க போயி எறங்குச்சுங்கிறீங்க—"

அக்கா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளிடம் திரும்பி, "அது கெடக்கட்டும் மணிமேகலை, அப்புறமாப் பேசுவோம். வெங்காயம் என்ன வெல விக்கிது?" என்றாள்.

மணிமேகலையும் என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெங்காய விலை சொன்னாள். மூன்று பேரும் செத்த நேரம் வெங்காயத்தைப் பற்றிப் பேசினோம். நான் ஒட்டன்சத்திரத்தில் இன்னும் மலிவாமே என்றேன். ஆமாங்க டீச்சர் என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அக்கா வாசல்வரை வந்தாள். பார்த்துப் போ என்றாள்.

தெருத் திரும்புவதற்குள் உள்ளே மணிமேகலையின் குரல் மறுபடி ஆரம்பித்தது. என்ன சொல்கிறாள் என்பது கேட்கவில்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்தது கேட்டது.